டோபிகா ஊழியக்காரரும் நரகத்தைப் பற்றிய போதனையும்



அசூசா தெரு எழுப்புதலைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அதற்கு முன்னே ஆண்டவர் எழுப்பின சார்லஸ் பர்ஹாமைப் பற்றி எழுதச் சொல்லி விசுவாசிகள் சிலர் கேட்டாங்க. எழுதுகிறேன். ஆனா ஒரு காரியத்தை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனசில்லை.

பர்ஹாம் 1873ம் வருஷம் அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் பிறந்தவர். சிறு வயசிலிருந்தே வியாதிக்காரர். கல்லூரியில் படிக்கும்போது வாதக் காய்ச்சல் வந்து கணுக்கால்கள் பலவீனப்பட்டு, பாதத்தை ஊன்றி நடக்க முடியாமல் போனது. ஜெபித்தார், சுகமானார். மெதடிஸ்ட் சபையில் கொஞ்ச காலம் போதகராக இருந்து, 1895ல் வெளியே வந்தார்.

அந்த நாட்களில்தான் டேவிட் பேக்கர் என்ற ஒரு வயதான குவேக்கர் சகோதரரோடு வேதத்தை ஆராயத் தொடங்கினார். பிற்பாடு பர்ஹாமுக்கு மனைவியான சாராவின் தாத்தா இவர். பேக்கர் என்ன நம்பினார் தெரியுமா? மனுஷனுடைய ஆத்துமா தானாகவே சாகாத ஒன்று அல்ல. நித்திய ஜீவன் கிறிஸ்துவுக்குள் மாத்திரமே கிடைக்கிறது. துன்மார்க்கர் நியாயத்தீர்ப்புக்குப்பின் அக்கினியில் எரிந்து இல்லாமல் போவார்கள், முடிவில்லாமல் வேதனைப்படுவதில்லை. மல்கியா 4ம் அதிகாரத்தை இப்படிப்பட்டவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். பர்ஹாம் இதை ஏற்றுக்கொண்டார். கடைசிவரை விடவில்லை.

இதே மனுஷன்தான் 1900ல் கான்சாஸ் மாகாணத்து டோபிகா பட்டணத்தில், கட்டி முடிக்காத ஒரு பெரிய மாளிகையில் வேதாகமப் பள்ளி ஆரம்பித்தார். மாணவர்கள் சுமார் 40 பேர். 1901 ஜனவரி 1ல் ஆக்னஸ் ஆஸ்மன் என்ற சகோதரிமேல் அவர் கைவைத்து ஜெபித்தபோது அந்நிய பாஷை அடையாளத்தோடு அபிஷேகம் இறங்கியது. அடுத்த மார்ச்சில் அவருடைய ஒரு வயசுக் குழந்தை மரித்தது. சுகமளிக்கும் ஊழியக்காரர் வீட்டிலேயே சாவு! ஊழியம் நிற்கவில்லை. 1903ல் கலீனாவில் பெரிய எழுப்புதல்.

ஹூஸ்டனில் அவர் நடத்திய பள்ளிக்கு வந்தவர்தான் வில்லியம் சீமோர். கறுப்பினத்தவர் என்பதால் வகுப்புக்குள் உட்கார இடமில்லை. திறந்த கதவுக்கு வெளியே இருந்து கேட்டார். 1906ல் அசூசாவில் அக்கினி பற்றினபோது பர்ஹாம் போய்ப் பார்த்துவிட்டு அதைக் கண்டனம் பண்ணினார். இது எனக்கு அவருடைய நரகப் போதனையைவிட அதிக துக்கம் தருகிறது.

சீமோர் குருவின் அபிஷேகப் போதனையை எடுத்துக்கொண்டார், நரகப் போதனையை எடுக்கவில்லை. அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையார் 1916ல் விசுவாசப் பிரமாணம் எழுதினபோது நித்திய ஆக்கினையைத் தெளிவாகவே சேர்த்தார்கள். நாமும் மத்தேயு 25:46ஐ அப்படித்தான் வாசிக்கிறோம். நீதிமானின் ஜீவனுக்கும் மற்றவன் ஆக்கினைக்கும் அந்த வசனம் ஒரே வார்த்தையைத்தானே போடுகிறது.

ஆனால் வேறுவிதமாக வாசிக்கிறவர்களெல்லாம் வேதத்தை மதியாதவர்கள் என்று சொல்லிவிடாதிருங்கள். ஆதி சபையிலே ஓரிகன் எல்லாரும் கடைசியில் சீர்ப்படுவார்கள் என்று எதிர்பார்த்தார். கத்தோலிக்கருக்கு உத்தரிக்கும் ஸ்தலம் உண்டு. ஜான் ஸ்டாட் என்ற பெரிய போதகரும் 1988ல், துன்மார்க்கர் அழிந்துபோவார்கள் என்ற பக்கம் தாம் சாய்வதாக எழுதினார். அவர் வாதத்துக்காக அல்ல, கண்ணீரோடு யோசித்தவர். என் தகப்பனார் இரட்சிக்கப்படாமலே மரித்தார். ஆகவே இந்த அதிகாரங்களை நான் சாவகாசமாக வாசிக்கிறவன் அல்ல. பர்ஹாமின் விளக்கம் மனசுக்கு எவ்வளவு இதமாக இருக்கும் என்று எனக்கு நன்றாய்த் தெரியும். இதமாக இருக்கிறது என்பதற்காகவே அதை நான் பிடித்துக்கொள்ள முடியாது.

பர்ஹாமுக்குக் கடைசி வருஷங்களில் பெயர் மங்கிப்போனது. அவர் மூட்டின அக்கினியால் எழும்பின சபைகளே அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பரிசுத்த தேசத்தைப் பார்த்துவிட்டு வந்தார். இருதயம் பலவீனமாகி, 1929 ஜனவரி 29ல் கான்சாஸிலுள்ள பாக்ஸ்டர் ஸ்பிரிங்ஸில் நித்திரையடைந்தார். வயது 55.