எளியோர் இசையைக் கவிதையாக்கிய லாங்ஸ்டன் ஹியூஸ்

இயலையும் இசையையும் உடன்பிறப்புகளாகப் போற்றுவது தமிழ் மரபு. ஆதலின், கவிதை வாசிப்பையும் ஜாஸ் இசையையும் ஒரே மேடையில் இணைத்த அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் வாழ்வு நமக்கு அயலானதன்று.

மிசௌரி மாநிலத்து ஜோப்ளின் நகரில் அவர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1902 என நெடுங்காலம் கருதப்பட்டது. 1901 என்பதே பொருந்தும் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. தந்தை குடும்பத்தைப் பிரிந்து மெக்சிகோ சென்றுவிட, பாட்டி மேரி லாங்ஸ்டனே அவரை வளர்த்தார். அவ்வம்மையாரின் முதற்கணவர், அடிமை முறையை ஒழிக்க ஜான் பிரவுன் 1859இல் நடத்திய ஹார்ப்பர்ஸ் ஃபெரி கிளர்ச்சியில் உயிர் நீத்தவர்.

1921இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஹியூஸ், ஓராண்டில் வெளியேறினார். கப்பல் தொழிலாளியாக ஆப்பிரிக்கக் கரையைக் கண்டார். 1924இல் பாரிசின் இரவு விடுதியொன்றில் சமையற்கூடப் பணியாளராக இருந்தபோது, கறுப்பின இசைவாணர்கள் தம் மனம்போல் வாசித்த ஜாஸ் இசையைச் செவிகுளிரக் கேட்டார்.

1926இல் வெளிவந்த அவருடைய முதற்கவிதை நூலின் பெயரிலேயே புளூஸ் இசை இடம்பெற்றது. ஆயின், உழைக்கும் எளியோரின் பேச்சையும் பாட்டையும் அவர் 1927இல் மீண்டும் நூலாக்கியபோது, கறுப்பின இதழ்களே கடுமையாகச் சாடின. கற்றோர் மறைக்க விரும்பியதை அவர் ஊரறியச் செய்தார் என்பதே குற்றச்சாட்டு. சொந்த மக்களின் பழிப்பு மாற்றார் பழிப்பினும் கொடிது. எனினும் அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

ஜாஸ் பாடகர், பொருளற்ற அசைகளைக் கொண்டு குரலையே கருவியாக்கி, அவ்வப்போது தோன்றும் கற்பனைக்கேற்பப் பாடுவதுண்டு. இதனை ஸ்காட் என்பர். நம் ஆளத்தியோடு ஒருவாறு ஒப்பிடத்தக்கது. லூயி ஆம்ஸ்ட்ராங் 1926இல் பதிவு செய்த பாடல் இம்முறையைப் பரவச் செய்தது. ஹியூஸ் 1951இல் வெளியிட்ட நூலில் இத்தகைய அசைகள் கவிதையடிகளுக்கிடையே துள்ளி வருகின்றன.

1958இல் சார்லஸ் மிங்கஸ் முதலிய இசைவாணருடன் தம் கவிதைகளைத் தாமே வாசித்து இசைத்தட்டாக்கினார். இசை வெறும் பின்னணியாக அமையாமல், கவிதையோடு உரையாட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1961இல் ஆம்ஸ்ட்ராங்குக்குக் காணிக்கையாக்கிய நெடுங்கவிதையில், அடிகளின் ஓரத்தே இசைக்குறிப்புகளையும் எழுதி வைத்தார். அக்கவிதை முழுமையான இசைவடிவம் பெற்று, 2009இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ஒலித்தது. அதனைக் கேட்க அவர் இல்லை, 1967இல் மறைந்துவிட்டார். அவரது சாம்பல் ஹார்லெம் பகுதியிலுள்ள ஷாம்பர்க் ஆய்வு நூலகத்தின் தளத்தினடியில் வைக்கப்பட்டுள்ளது.

வீட்டுப் பேச்சை வகுப்பறையில் மறைத்துக் கூசும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். செந்தமிழைக் கற்றல் நம் கடமை. அதன்பொருட்டு அன்னையின் பேச்சுக்கு நாணுதல் கடமையன்று. ஹியூஸின் வாழ்வு மாணவச் செல்வங்களுக்கு உணர்த்தும் பாடம் இதுவே எனலாம்.