காலராவைக் குடித்த விஞ்ஞானி... வயிற்றுக்குள் இருக்கும் காவல் படையைத் தேடியவரின் கதை!

1892. பிரான்ஸில் காலரா பரவிக்கொண்டிருந்த நேரம். பாரிஸில் உள்ள பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானி ஒருத்தர், காலரா கிருமிகள் கலந்த திரவத்தை எடுத்துக் குடிச்சுட்டார். தெரியாமல் இல்லை, தெரிஞ்சேதான்!

அவர் பெயர் இலியா மெச்னிகோவ். அவரைக் குடைந்துகொண்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான். ஒரே ஊர்ல, ஒரே தண்ணியைக் குடிக்கிறவங்கள்ல சிலரைக் காலரா தாக்குது, சிலரை விட்டுடுது. ஏன்?

குடித்த அவருக்கு ஒண்ணும் ஆகலை. அடுத்து ஒரு தன்னார்வலர் குடித்தார். அவருக்கும் ஒண்ணும் ஆகலை. மூன்றாவதாக இன்னொருவர் குடித்தார். அவருக்குக் காலரா வந்து, சாவின் விளிம்பு வரை போய்த்தான் மீண்டார். இன்றைக்கு எந்த மருத்துவ நெறிமுறைக் குழுவும் இப்படியொரு சோதனைக்கு அனுமதி தராது.

வாழ்க்கையை வெறுத்தவர்!

மெச்னிகோவ் 1845-ல், அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த உக்ரைனின் கார்கிவ் நகருக்கு அருகே பிறந்தவர். முதல் மனைவி லுத்மிலாவுக்குக் காசநோய். கல்யாணத்தன்றே நடக்க முடியாமல், நாற்காலியில் வைத்துத்தான் அவரை தேவாலயத்துக்குள் தூக்கிப்போனார்கள். 1873-ல் லுத்மிலா இறந்தபோது மெச்னிகோவ் உடைந்துபோய் உயிரை விட முயன்றார், பிழைத்துக்கொண்டார். பிறகு ஓல்காவை மணந்தார். ஓல்காவுக்கு டைபாய்டு வந்த சமயத்தில், பல நெருக்கடிகள் சேர்ந்து அழுத்த, மீண்டும் அதே முடிவுக்குப் போனார். மறுபடியும் பிழைத்தார்.

1882-ல் இத்தாலியின் மெசினா கடற்கரையில் எல்லாம் மாறியது. கண்ணாடி மாதிரி இருக்கும் நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் கும்பலாக மொய்த்திருந்தன. வெளியிலிருந்து வரும் எதிரியை விழுங்கும் செல்கள் நம் உடம்பிலும் இருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். நோய் எதிர்ப்பு சக்தி பற்றிய இந்த ஆய்வுக்காகத்தான் 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தட்டில் நடந்த சண்டை

காலரா புதிருக்கு வருவோம். அதே கிருமி, மூணு வயிறு, ரெண்டு விதமான முடிவு. ஆய்வகத் தட்டில் காலரா கிருமியோடு வேறு வேறு நுண்ணுயிர்களைச் சேர்த்து வளர்த்துப் பார்த்தார் மெச்னிகோவ். சில நுண்ணுயிர்கள் பக்கத்தில் இருந்தால் காலரா செழித்து வளர்ந்தது. வேறு சில இருந்தால் வளரவே திணறியது. அப்படியென்றால் குடலில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்பதும் நோயைத் தீர்மானிக்கலாம் இல்லையா?

அது எவ்வளவு பெரிய உண்மை என்பது இன்றைய ஆராய்ச்சியில் தெரிகிறது. நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. புதுசா ஒரு கிருமி உள்ளே வந்தால், முதலில் அதற்குச் சாப்பாடு கிடைக்காது. சர்க்கரையையும் மற்ற சத்துகளையும் உள்ளூர்வாசிகள் தின்று முடித்திருப்பார்கள். ஒட்டிக்கொள்ள இடமும் கிடைக்காது. அவை சுரக்கும் அமிலங்கள் பல கிருமிகளை வளரவிடாது. சில பாக்டீரியாக்கள், போட்டியாளரைக் கொல்லும் புரதங்களையே தயாரிக்கின்றன. இன்னும் சில, ஈட்டி போன்ற ஒரு நுண்ணிய அமைப்பால் பக்கத்து பாக்டீரியாவைக் குத்தி விஷத்தை ஏற்றுகின்றன. சுவாரஸ்யம் என்னன்னா, காலரா கிருமியிடமும் அதே ஈட்டி இருக்கு!

இந்தக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆன்டிபயாடிக் மாத்திரைகள் கெட்ட கிருமியோடு சேர்த்து இந்தக் குடியிருப்பையும் காலி பண்ணலாம். அந்தக் காலி இடத்தில் க்ளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி, கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும். இந்தத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைச் செலுத்துவதே இப்போது ஒரு சிகிச்சை. 2013-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 16 பேரில் 13 பேருக்கு முதல் தடவையிலேயே குணமானது.

தப்பு கணக்கும் உண்டு

மெச்னிகோவ் எல்லாவற்றிலும் சரியாக இருக்கவில்லை. பெருங்குடலை அவர் அழுகல் கிடங்காகத்தான் பார்த்தார். அங்கே உருவாகும் நச்சுகளால்தான் சீக்கிரம் முதுமை வருகிறது என்று நம்பினார். இதுபோன்ற கருத்துகளின் தாக்கத்தில், லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். உண்மையில், மெச்னிகோவ் தேடிய காவல் படையின் பெரும்பகுதி இருப்பதே அந்தப் பெருங்குடலில்தான்.

பல்கேரிய கிராமங்களில் முதியவர்கள் நிறைய பேர் இருப்பதற்குப் புளித்த பால்தான் காரணம் என்று நினைத்து, அவரும் தினமும் குடித்தார். ஐரோப்பா முழுக்க அது ஃபேஷன் ஆனது. ஆனால், அந்தப் பாலில் இருந்த பாக்டீரியா மனிதக் குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை என்று பிறகு தெரியவந்தது. 1916-ல், 71 வயதில் இதய நோயால் மெச்னிகோவ் இறந்தார்.

1919-ல் பார்சிலோனாவில் ஐசக் கராசோ என்பவர், பாஸ்டர் நிறுவனத்திலிருந்து வந்த பாக்டீரியாக்களைக் கொண்டு யோகர்ட் தயாரிக்க ஆரம்பித்தார். அதுதான் இன்றைய டானோன்!

மெச்னிகோவின் சாம்பல் இன்றும் பாஸ்டர் நிறுவன நூலகத்தில் இருக்கிறது. அவர் சொன்ன மருந்து முழுசா பலிக்கவில்லை. ஆனால், அவர் கேட்ட கேள்வி சரியானது. அடுத்த தடவை சாதாரண சளிக்கு டாக்டரைக் கேட்காமல் ஆன்டிபயாடிக் வாங்கக் கிளம்பும்போது, உள்ளே உங்களுக்காகச் சண்டை போடும் அந்தக் கூட்டத்தையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.