ருஜ்ஜேரோ ஒட்டியார்

மனித உடலின் உறுப்பொன்றிற்குத் தம் பெயரை நிலைபெறச் செய்தோர் பலர். அப்பேற்றை மாணாக்கராயிருக்கும்போதே எய்தினோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராகிய ருஜ்ஜேரோ ஒட்டியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

இவர் 1864-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பெருஜியா நகரிற் பிறந்தார். வைத்தியம் பயில்கையில், பித்தப்பை நீக்கப்பெற்ற நாய்களின் பித்தநாளம் நாளடைவில் விரிதலைக் கண்டார். நாளத்தின் முடிவில் தடையொன்றும் இல்லையாயின் அது விரிவதெங்ஙனம்? இவ்வினாவைப் பற்றி ஆராயப் புகுந்தவர்க்கு, நாளம் சிறுகுடலிற் சேருமிடத்தே மோதிரம்போற் சூழ்ந்த சுருக்குத்தசை புலனாயிற்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே கிளிஸ்ஸன் என்னும் ஆங்கில வைத்தியர் அவ்விடத்துத் தசைநார்களைக் குறித்திருந்தார். எனினும், அத்தசையின் தொழிலை விளக்கி, அது தாங்கும் அழுத்தத்தை அளந்தும் காட்டியவர் ஒட்டியாரே. 1887-இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தபோது இவர் இன்னும் மாணாக்கரே.

1894-இல் ஜெனோவா நகரின் உடலியல் ஆராய்ச்சிக் கூடத்திற்குத் தலைவரானார். ஆயின் உயர்வு நிலைக்கவில்லை. போதை மருந்துப் பழக்கமும் பணக் கணக்கிற் கண்ட குறைகளும் 1900-இல் இவரைப் பதவியினின்று நீக்கின. காங்கோ நாட்டில் வைத்தியராய்ச் சிலகாலம் உழன்று, 1913-இல், ஐம்பது வயது நிரம்புமுன், தூனிஸ் நகரில் இறந்தார்.

இவர் கண்ட வாயிலோ வைத்திய உலகிற்குப் பெருவழியாயிற்று. 1974-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் வைத்தியர் உள்நோக்குக் குழாயை வாய்வழிச் செலுத்தி, இத்தசையைக் கீறி, வயிற்றைத் திறவாமலே பித்தக்கற்களை அகற்றும் முறையை வெளியிட்டனர். ஆயினும் அவ்வாயில் எளிதிற் கம்பிக்கு வழிவிடாத வேளைகளும் உண்டு. கணையநாளமும் அங்கேயே திறத்தலின், மீண்டும் மீண்டும் முட்டினால் கணையம் அழன்று உயிர்க்கே கேடு சூழும். ஆதலின் 5 முறைக்கு மேல் தொட்டோ, 5 நிமிடத்திற்கு மேல் முயன்றோ பயனின்றேல், அல்லது கம்பி கணையநாளத்துள் ஒருமுறைக்கு மேற் புகுந்துவிடின், அதனைக் கடினமான வாயில் என ஐரோப்பிய வைத்தியர் வகுத்துளர். அந்நிலையில் கணையநாளத்துள் ஒரு கம்பியை நிறுத்தி, மற்றொன்றைப் பித்தநாளத்துட் செலுத்துவர். அன்றேல் ஊசிமுனைக் கத்தியாற் சிறிது கீறி வழிகாண்பர். தேர்ந்த கையினர் காலந்தாழ்த்தாது இங்ஙனம் கீறுதல், விடாது முட்டுவதினும் தீங்கு மிக்கதன்று என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அதுவும் கைகூடாவிடில், ஈரல்வழியாகப் பித்தநாளத்தை அடையும் முறைகளும் உண்டு.

எவ்வளவு தாங்கும் என அவ்வாயிலை முதலில் அளந்தவர் தம் வாழ்விற்கு அளவு காணாது வீழ்ந்தமை இரங்கத்தக்கதே. எனினும், கையில் கருவியேந்தும் வைத்தியர் யாவர்க்கும் எவ்விடத்து நிறுத்தல் வேண்டும் என்னும் அறிவே முதற்காப்பு என்பதை, அவர் பெயர் தாங்கிய அச்சிறுதசை இன்றும் உணர்த்தி நிற்கின்றது. நம்முள் வைத்தியம் பயிலப் புகுவார் இருமுகமான இவ்வரலாற்றை மறவாதிருப்பாராக.