முரமாசா: சாபம் பிடித்த வாளா? ஜப்பான் கொல்லரின் உண்மைக் கதை!

உறையை விட்டு வெளியே வந்தால் ரத்தம் பார்க்காமல் திரும்பாது. ஜப்பானின் முரமாசா வாள் பற்றி பல நூறு வருஷமாகச் சுற்றும் பேச்சு இது. அனிமே, வீடியோ கேம் வரை அந்தப் பேர் வந்துவிட்டது. நிஜத்தில் அவர் யார்?

யார் இந்த முரமாசா?

செங்கோ முரமாசா. இசே மாகாணத்தில், குவானா என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த கொல்லர். இன்று அது மியே மாநிலம். அவர் பெயரும் தேதியும் பொறித்த பழைய வாள் 1501ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவருக்குப் பின் வந்தவர்களும் அதே பெயரையே பொறித்தார்கள். குறைந்தது 3 தலைமுறை!

ஏன் அவ்வளவு கிராக்கி?

அப்போது ஜப்பான் முழுக்க உள்நாட்டுப் போர். அழகுக்காக வாள் வாங்கும் காலமில்லை, வெட்டணும், அவ்வளவுதான். முரமாசா வாளின் கூர்மை அதற்குப் பேர் போனது. பக்கத்து மிகாவா பகுதி வீரர்கள் இதையே விரும்பி வாங்கினார்கள். புகழ்பெற்ற தளபதி ஹோண்டா தடகட்சுவின் 'தும்பி வெட்டி' ஈட்டியும் முரமாசா பரம்பரைக் கொல்லர் செய்ததுதான். முனையில் உட்கார்ந்த தும்பி இரண்டாக வெட்டுப்பட்டதாம். அதனால் அந்தப் பேர்!

சாபக் கதை எப்படி வந்தது?

பின்னாளில் ஜப்பானையே ஆண்ட டோகுகவா இயேயாசுவின் ஊரும் அதே மிகாவாதான். 1535இல் அவருடைய தாத்தாவை சொந்த ஆளே வெட்டிக் கொன்றார். அப்பாவும் தாக்கப்பட்டார். 1579இல் மகன் வயிற்றைக் கிழித்து உயிர்விட்டபோது, தலையை வெட்டியது இன்னொரு வாள். மூன்றுமே முரமாசா வாள் என்று கதை பரவியது.

ஆனால் ஒரு விஷயம். மிகாவாவில் பலர் இடுப்பிலும் முரமாசா இருந்தால், கொலையிலும் அதுதானே இருக்கும்?

பழி மட்டும் போகவில்லை. டோகுகவா ஆட்சியில் பயந்துபோன சிலர் வாளில் இருந்த முரமாசா பெயரையே அழித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த ஆட்சியை எதிர்த்தவர்களோ, இதே காரணத்துக்காக முரமாசாவைத் தேடிப்பிடித்து வாங்கினார்கள்.

இயேயாசு உண்மையில் பயந்தாரா?

இல்லை. அவரே முரமாசா வாள் வைத்திருந்தார். டோகுகவா குடும்பத்தில் பத்திரமாக இருந்த முரமாசா வாள், இன்றும் நகோயாவின் டோகுகவா கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.