மகாகனம் சாஸ்திரியாரும் ஐந்து சென்ட் கூலியும்

குடவாசலில் எங்கள் தலைமுறைக்குச் சீனிவாச சாஸ்திரியாரின் பெயர் ஆங்கிலப் புலமைக்கு உதாரணமாகவே அறிமுகமாயிற்று. அடுத்த ஊரான வலங்கைமானில் 1869-ல் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர். கும்பகோணத்தில் படித்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1921-ல் பிரிவி கவுன்சில் உறுப்பினராகி ‘மகாகனம்’ பட்டமும் பெற்றார். பொருளாதாரம் கற்பித்த எனக்கு, அந்த ஆங்கிலம் ஈட்டித் தந்தது என்ன என்ற கணக்கே முக்கியம்.

பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளில் குடியேறிய இந்தியருக்குச் சம உரிமை கோரும் தீர்மானத்தை 1921 லண்டன் மாநாட்டில் நிறைவேறச் செய்தார். தென்னாப்பிரிக்கா ஏற்க மறுத்தது. 1923-ல் கென்யா இந்தியருக்காக வாதாடி வெறுங்கையுடன் திரும்பினார். 1927 கேப்டவுன் ஒப்பந்தத்தில், இந்தியரை ஒதுக்கிவைக்கும் மசோதாவைத் தென்னாப்பிரிக்கா கைவிட்டது. பதிலுக்கு, இந்தியரை ஊர் திருப்பியனுப்பும் திட்டத்துக்கு நம் தரப்பு துணைநின்றது. அங்கே முதல் இந்திய ஏஜென்டாகப் போனவரும் அவரே. டர்பனில் அவர் முயற்சியால் எழுந்த சாஸ்திரி கல்லூரி என்னவோ உண்மையான வரவுதான்.

மலேயா கணக்கு வேறு. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் பகுதிக் கூலிகளின் நிலையை ஆராய 1936 இறுதியில் அங்கு சென்றார். கங்காணி ஆள்பிடிப்பு வேண்டாம், பெருமந்தக் காலத்தில் வெட்டிய கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அவரது அறிக்கை பரிந்துரைத்தது. ஆனால் தொழிலாளர் போக்குவரத்தையே நிறுத்தக் காரணமில்லை என்றும் முடித்தது. தோட்ட முதலாளிகளிடம் அவர் அளவுக்கு மீறித் தாராளம் காட்டினார் என்பதே என் கருத்து.

1938-ல் ரப்பர் விலை சரிந்ததும் ஆண்களின் தினக்கூலி 50 சென்ட்டிலிருந்து 45 ஆனது. ஜூனில் இந்திய அரசு, தோட்டச் செலவில் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. அதுவும் வெள்ளையர் அரசுதான். ஆனால் 1922 குடியேற்றச் சட்டம் அதன் கையில் இருந்தது, மத்திய சட்டசபையின் நெருக்குதலும் இருந்தது. சாஸ்திரியார் தேவையில்லை என்ற ஆயுதத்தை, அவர் அறிக்கை வெளியான மறு ஆண்டே எடுக்க நேர்ந்தது. 1946-ல் அவர் மறைந்தார்.

இன்று எங்கள் வட்டாரப் பிள்ளைகள் போவது வளைகுடாவுக்கு. அங்கு வேலைக்கு எடுப்போர் தரவேண்டிய குறைந்தபட்ச ஊதியத்தை 2020 செப்டம்பரில் வெட்டியது வெளிநாட்டு முதலாளியல்ல, நம் அரசே. வேலைவாய்ப்பு பறிபோகக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பிறகு, 2021 ஜூலையில் அந்தக் குறைப்பு திரும்பப் பெறப்பட்டது.