கடல் கடந்த கொள்கைத் தொண்டர்

கள்ளக்குறிச்சி இன்று தனி மாவட்டம். 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முன் நெடுங்காலம் அது தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு வட்டம். கல்வராயன் மலையில் பிறந்து கோமுகி ஆறு பாய்ந்தும், அந்த வயல்களில் உழைத்தவனுக்கு அரை வயிற்றுக் கஞ்சிதான் கிடைத்தது. தென்னார்க்காட்டிலிருந்தும், சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்தும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு மக்கள் கப்பலேறிய காலம் அது. சொந்த ஊருக்கே கங்காணி வருவான். முன்பணம் தருவான். மூட்டை கட்டச் சொல்லி நாகைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போவான். தோட்டத்தில் அவர்கள் உழைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு!

ஊரை விட்டுப் போனவன் சாதியை விட்டுப் போனானா? இல்லை. கப்பலில் மூட்டையோடு அதுவும் ஏறிற்று. தோட்டத்து லயங்களிலும் மேல் கீழ் இருந்தது. கூலி வாங்கிய கை அதே மாலையில் கள்ளுக்கடையில் காலியாயிற்று. அந்த மக்களிடையே தன்மானக் கொள்கையை விதைத்த பெருந்தொண்டரைத்தான் இன்று நினைவுகூர்கிறோம். அவரே தமிழவேள் கோ. சாரங்கபாணி.

1903ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தவர் அவர். 1924இல், இருபத்தோராம் வயதில் சிங்கப்பூர் சேர்ந்தார். வணிக நிலையத்தில் கணக்கெழுதும் வேலை. வரவும் செலவும் பார்த்து, பொருள் சேர்த்து, ஊரில் மாடி வீடு கட்டியிருக்கலாம். கடல் கடந்தவர் பலர் செய்தது அதுதான். அவரோ வேறு கணக்குப் பார்த்தார். தமிழன் எவ்வளவு இழந்தான், எதனால் இழந்தான் என்ற கணக்கு அது!

1925இல் பெரியார் தொடங்கிய 'குடி அரசு' ஏடு கடல் தாண்டி வந்தது. அதைப் படித்தார், பிறர் படிக்க வழி செய்தார். 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது வைதீகர்கள் பதறினர். அவரை நாட்டுக்குள் விடலாகாது என்று அதிகாரிகளிடம் முறையிட்டனர். பயன் என்ன? பினாங்கிலும் சிங்கப்பூரிலும் மக்கள் திரண்டு வரவேற்றனர். அந்த வரவேற்புக்கு உழைத்த இளைஞர்களுள் சாரங்கபாணியும் ஒருவர்.

தலைவர் வந்தார், மாலை போட்டோம், கப்பலேற்றி அனுப்பினோம் என்று அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. சீர்திருத்தத் திருமணம், சாதி ஒழிப்பு, குடி ஒழிப்பு என்று பணிகள் நடந்தன. 1935ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் 'தமிழ் முரசு' முழங்கிற்று. வார ஏடாகப் பிறந்து நாளேடாக வளர்ந்தது. தோட்டத்திலே ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பலர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் அது.

சாதி ஒழிக என்று மேடையில் முழங்கிவிட்டு, மகனுக்குச் சொந்தச் சாதியிலே பெண் தேடும் வீரர்களை நாம் அறிவோம். சாரங்கபாணி அந்த வகையினர் அல்லர். 1937இல் சீன மரபில் வந்த பெண்ணை வாழ்க்கைத் துணையாக ஏற்றார். கொள்கை முதலில் அவர் வீட்டுக்குள் நுழைந்தது. பிறகுதான் ஊருக்குப் போயிற்று.

போர் வந்தது. ஜப்பானியர் ஆதிக்கத்தில் முரசு ஓய்ந்தது. 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து அழைத்தபோது, அதுவரை கூலி என்று இகழப்பட்ட தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். போர் முடிந்தபின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை தோன்றிக் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது, அடக்குமுறைக்கும் ஆளாயிற்று. பிறந்த மண்ணில் தலைகுனிந்து நின்றவர்கள் அயல் மண்ணில் நிமிர்ந்து நின்றார்கள்!

மீண்டும் முழங்கிய முரசு மொழிக்காகவும் போராடிற்று. 1952 முதல் பொங்கல் நாளைத் தமிழர் திருநாளாக்கிச் சமயம், சாதி கடந்து எல்லாத் தமிழரையும் ஒரே பந்தலில் கூட்டினார். அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று கிளர்ச்சி செய்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயரிட்டு நிதி திரட்டினார். பால் வெட்டும் தொழிலாளி தன் கூலியில் கிள்ளிக் கொடுத்தான். 1956இல் தமிழோடு அந்தத் துறை அமைந்தது. மாணவர் மணிமன்றத்தின் வழியாக இளம் எழுத்தாளர்களையும் வளர்த்தார்.

இவ்வளவு தமிழ்ப்பற்றுக் கொண்டவர், தமிழ்நாட்டை நோக்கியே கண்ணீர் விடுங்கள் என்று சொல்லவில்லை. வாழும் நாட்டில் குடியுரிமை பெறுங்கள் என்று 1950களில் வற்புறுத்தினார். படிவம் நிரப்பத் தெரியாத தொழிலாளிக்கு உதவ ஏற்பாடு செய்தார். தாயகத்தை மறக்கச் செய்கிறாரே என்று சிலர் ஐயுற்றிருக்கலாம். நாடற்றவனாக நிற்பவன் எந்த நாட்டுக்கு உதவ முடியும்? தான் காலூன்றி நின்றால்தானே பிறனுக்குக் கைகொடுக்க முடியும்?

அவர் வாழ்வில் சோதனையும் இருந்தது. 1963இல் தமிழ் முரசிலேயே தொழிலாளர் வேலைநிறுத்தம் எழுந்து, ஏறத்தாழ ஓராண்டு ஏடு நின்றது. தொழிலாளிக்காகப் பேசிய ஏடு தன் தொழிலாளிக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. அந்த வரலாற்றையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. மீண்டும் முரசைக் கொட்டினார். 1974ஆம் ஆண்டு மார்ச்சில் மறைந்தார். முரசு இன்றும் ஒலிக்கிறது.

தோழர்களே! இந்த வரலாற்றை ஏன் கூறுகிறோம்? இன்றும் கள்ளக்குறிச்சிப் பக்கத்து இளைஞர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கிறார்கள். தேர்தல் வந்தால் பணம் அனுப்புகிறார்கள்; கைப்பேசியிலே கொடி பிடிக்கிறார்கள். அந்த அன்பைக் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அவர்கள் ஊரின் நிலை என்ன? 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். அதன்பின், கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, சாலை எங்கே, மருத்துவம் எங்கே, பள்ளி எங்கே என்று கேட்கவேண்டி வந்தது. விடுதலைக்குப் பின்னும் பல ஆண்டுகள் ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. அங்கிருந்து தரகர்கள் இன்றும் ஆள் பிடித்து வெளிமாநிலம் அழைத்துச் செல்கிறார்கள். பெயர்தான் மாறிற்று, கங்காணி சாகவில்லை!

ஆட்சியில் இருப்பவர் எவராயினும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாகவேண்டும். நம்மவரும் விலக்கல்லர். கேட்கவேண்டியவர்களுள் வெளிநாட்டுத் தோழர்களும் உண்டு. தலைவரை வாழ்த்தி அனுப்பும் சுவரொட்டிப் பணத்தில் வெள்ளிமலையில் ஒரு படிப்பகம் திறக்கலாமே! மலைவாழ் மாணவர் ஒருவரின் கல்லூரிச் செலவை ஏற்கலாமே! குடியால் சிதைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தரலாமே! அதையும் கருணை காட்டும் பாங்கில் செய்யவேண்டாம். அங்குள்ள மக்களைக் கேட்டு, அவர்களை முன்னிறுத்திச் செய்யுங்கள். தங்கும் விடுதியிலே சாதி பார்க்காமல் ஒரே பானையில் உண்ணுங்கள். பெட்டியோடு சாதியைத் திரும்ப ஊருக்குக் கொண்டுவராதீர்கள்.

கணக்கெழுதப் போன இளைஞர் ஒருவர், கூலிகள் என்று அழைக்கப்பட்டோரைக் குடிமக்களாக்கப் பாடுபட்டார். அவரிடம் செல்வமும் இல்லை, ஆட்சியும் இல்லை. கொள்கையும் அதை நடத்திக்காட்டும் உறுதியும் இருந்தன. கடல் கடந்து வாழும் கள்ளக்குறிச்சித் தோழர்களுக்கு அவை மட்டும் கிடைக்காதா? கிடைக்கும். தொண்டு தொடங்கட்டும்!