பல் போனது, கை ஓங்கவில்லை!

ஆக்கி வீரர் தயான்சந்தின் வாழ்க்கை

ஒரு பையன் வாட்டசாட்டமாக வளர்ந்துவிட்டால் போதும். ஊரில் அவனுக்குப் பயில்வான் என்று பெயர் வந்துவிடும். சண்டை என்றால் முன்னால் நிற்க வேண்டியவன் அவன்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள்.

விளையாடும் இடத்தில் யாரோ ஒருவன் அவனை அடித்துவிட்டான். இவன் திருப்பி அடிக்காமல் வீட்டுக்கு வருகிறான். உடனே, இவ்வளவு பெரிய உடம்பு எதற்கு என்று பெற்றவர்களே கேட்பார்கள்!

சுந்தரபாண்டியத்தில் இப்படிக் கேட்பது உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் கேட்பது உண்டு. கடல் கடந்து, கனடா நாட்டிலும் கேட்பது உண்டு!

உடம்பில் வலு இருந்தால் சண்டை போட்டே தீர வேண்டுமா?

இதற்கு ஒரு பட்டாளத்துக்காரர் பதில் சொல்லியிருக்கிறார். ஆக்கி மைதானத்தில், ஒரு பல்லைப் பறிகொடுத்துவிட்டுச் சொன்ன பதில் அது.

அவர்தான் தயான்சந்த். உலகம் கண்ட ஆக்கி வீரர்களில் தலைசிறந்தவர்.

குஸ்தியில் ஆசை

தயான்சந்த் 29-8-1905 அன்று அலகாபாத்தில் பிறந்தார். அந்த ஊருக்கு இன்று பிரயாக்ராஜ் என்று பெயர்.

தகப்பனார் பட்டாளத்தில் வேலை பார்த்தார். அடிக்கடி ஊர் மாற்றம். அதனால் பையனின் படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றுபோயிற்று. கடைசியில் குடும்பம் ஜான்சி நகரில் தங்கியது.

சிறு வயதில் தயான்சந்துக்கு விளையாட்டில் பெரிய நாட்டம் கிடையாது. ஆனால் குஸ்தி மட்டும் பிடிக்கும். ஆளைப் பிடித்து மண்ணில் புரட்டும் ஆட்டம் அது! அப்படிப்பட்ட பையன்தான் பிற்காலத்தில், அடித்தவனைத் திருப்பி அடிக்காத வீரர் ஆனார்.

17 வயது நிறைந்த அன்றே, அதாவது 1922-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். சாதாரணச் சிப்பாய் வேலை.

பட்டாளத்தில் பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர் இருந்தார். அவர்தான் தயான்சந்தின் கையில் ஆக்கி மட்டையைக் கொடுத்துப் பழக்கினார்.

பகல் முழுவதும் பட்டாளத்து வேலை இருக்கும். ஆகையால் தயான்சந்த் இரவில், நிலா வெளிச்சத்தில் ஆடிப் பழகினார். சந்த் என்றால் இந்தியில் சந்திரன். நிலவில் ஆடியதால்தான் தயான்சிங் என்ற பெயர் தயான்சந்த் ஆயிற்று என்று சொல்வார்கள்.

வெற்றி மேல் வெற்றி

1926-ல் இந்தியப் பட்டாள அணி நியூசிலாந்துக்குப் போயிற்று. தயான்சந்தும் போனார். அங்கே 21 ஆட்டங்கள். அதில் 18 வெற்றி, 2 சமம், ஒன்றே ஒன்றில் தோல்வி. ஊர் திரும்பியதும் சிப்பாய் தயான்சந்துக்கு லான்ஸ் நாயக் பதவி கிடைத்தது.

1928-ல் ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் பந்தயம். இந்தியா முதல் தடவையாக அங்கே ஆக்கி ஆடியது. 5 ஆட்டங்களில் 29 கோல் போட்டது. எதிரிகளால் ஒரு கோல்கூடத் திருப்பிப் போட முடியவில்லை! அந்த 29-ல் 14 கோல் தயான்சந்த் போட்டவை. இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம்.

1932-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அடுத்த ஒலிம்பிக். இந்தத் தடவை தயான்சந்தின் தம்பி ரூப்சிங்கும் அணியில் இருந்தார். அமெரிக்காவை இந்தியா 24-1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. அதில் தம்பி 10 கோல், அண்ணன் 8 கோல்!

ரூப்சிங்கின் அடி இடி போல இருக்கும். பந்து பட்டால் யாருக்காவது காயம் உண்டாகும், பார்த்து அடி என்று அண்ணன் தம்பியை எச்சரிப்பது வழக்கமாம்.

1935-ல் தயான்சந்த் தலைவராக இருந்து அணியை மறுபடியும் நியூசிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அந்த ஒரே சுற்றுப்பயணத்தில் இந்தியா போட்ட கோல் 584. அவற்றுள் தயான்சந்த் போட்டவை 201.

பெர்லினில் ஒரு தோல்வி

1936-ம் ஆண்டு ஒலிம்பிக் ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் நடந்தது. அது இட்லர் ஆண்ட காலம். தங்கள் இனமே உயர்ந்த இனம் என்று அந்த அரசு மார்தட்டிக்கொண்டிருந்தது.

இந்திய அணியின் தலைவர் தயான்சந்த்.

பந்தயம் தொடங்குவதற்கு முன்னால், ஜூலை 17-ந் தேதி, பழக்கத்துக்காக ஓர் ஆட்டம் ஆடினார்கள். அதில் ஜெர்மனி இந்தியாவை 4-1 என்று தோற்கடித்துவிட்டது! அன்று இரவு தயான்சந்துக்குத் தூக்கம் வரவில்லை.

உடனே இந்தியாவுக்குச் செய்தி போயிற்று. தாரா என்ற வீரரை விமானத்தில் அனுப்பிவைத்தார்கள்.

பந்தயத்தில் அங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்சு ஆகிய நான்கு நாடுகளையும் இந்தியா வென்றது. ஒரு கோல்கூட வாங்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அதே ஜெர்மனி!

மூவண்ணக் கொடி

ஆகஸ்டு 14-ந் தேதி நடக்க வேண்டிய ஆட்டம், மழை காரணமாக மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று.

15-8-1936. ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் இருந்தார்கள். பழைய தோல்வியை நினைத்து எல்லோர் மனத்திலும் கலக்கம்.

அணியுடன் சென்றிருந்த பங்கஜ் குப்தா என்ற அதிகாரி, காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்து விரித்தார். வெள்ளையர் ஆட்சி நடந்த காலம் அது. தயான்சந்தோ வெள்ளையரின் பட்டாளத்தில் சம்பளம் வாங்குகிறவர். ஆனாலும் எல்லோரும் அந்தக் கொடியை வணங்கிவிட்டு மைதானத்தில் இறங்கினார்கள். சரியாக 11 ஆண்டுகள் கழித்து, அதே ஆகஸ்டு 15-ந் தேதி நாடு விடுதலை அடைந்தது.

மைதானம் ஈரமாக இருந்தது. கால் வழுக்கியது. முதல் பாதியில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கோல்.

இரண்டாவது பாதியில் தயான்சந்த் ஒரு காரியம் செய்தார். ஆணி வைத்த பூட்சையும் காலுறையையும் கழற்றி எறிந்தார். ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்போடு ஓடினார். அவ்வளவுதான். கோல் மேல் கோல் விழத் தொடங்கியது.

பல் போனது!

தோல்வி உறுதி என்று தெரிந்ததும் ஜெர்மானியர் முரட்டு ஆட்டம் ஆடினார்கள். பந்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்து மோதினார்கள்.

அவர்களுடைய கோல்கீப்பர் வார்ன்ஹோல்ட்ஸ். பந்துடன் வந்த தயான்சந்த் மீது அவர் பாய்ந்து மோதினார். தயான்சந்தின் பல் ஒன்று போய்விட்டது!

தயான்சந்த் அணியின் தலைவர். பட்டாளத்தில் பழகிய உடம்பு. சின்ன வயதில் குஸ்தியில் ஆசை வைத்தவர். பக்கத்தில் நிற்பவர் சொந்தத் தம்பி. ஒரு சைகை காட்டியிருந்தால் போதும், மைதானமே போர்க்களம் ஆகியிருக்கும். அப்படிச் செய்திருந்தாலும் அவரைக் குறை சொல்லப் பலருக்கு மனம் வந்திராது.

அவர் வெளியே போனார். காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். யார் மீதும் கை ஓங்கவில்லை.

ஆனால் சும்மா இருந்துவிடவும் இல்லை. பந்தை ஆளும் வித்தை எப்படி என்று இவர்களுக்குக் காட்டுவோம், கோல் போடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று தன் ஆட்களுக்குச் சொன்னதாக, அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இந்திய வீரர்கள் பந்தை ஜெர்மானியரின் கோலுக்கு அருகே வரை தட்டிக்கொண்டு போனார்கள். கோல் போடுவார்கள் என்று பார்த்தால், பந்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் வந்தார்கள். மறுபடியும் போனார்கள், மறுபடியும் வந்தார்கள். ஜெர்மானியர் விழித்துக்கொண்டு நின்றார்கள்!

முடிவில் இந்தியா 8, ஜெர்மனி 1. தயான்சந்துக்கு அது மூன்றாவது தங்கப் பதக்கம்.

அவர் கோபமே வராத முனிவர் அல்ல. கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் கையில் காட்டவில்லை, பந்தில் காட்டினார். கன்னத்தில் விழும் அடி நாலு நாளில் ஆறிப்போகும். தங்கள் ஊரில், தங்கள் மக்கள் முன்னால் வாங்கிய அந்தப் பாடம் ஜெர்மானியருக்கு எளிதில் மறந்திருக்குமா?

அடிதடிக்கு ஒரு ஆள்

இனி கனடாவுக்கு வருவோம்.

அங்கேயும் அமெரிக்காவிலும் ஐஸ் ஆக்கி என்று ஓர் ஆட்டம் உண்டு. பனிக்கட்டித் தளத்தின் மீது, சறுக்குக் காலணி போட்டுக்கொண்டு ஆடுவார்கள். பந்துக்குப் பதில் ரப்பர் வில்லை.

அந்த ஆட்டத்தில் இரண்டு பேர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குத்துச் சண்டை போடுவது பழைய வழக்கம். அவர்களுக்குத் தண்டனை, 5 நிமிடம் வெளியே உட்கார்வது. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவர் போவதால், எந்த அணிக்கும் ஆள் குறைவதில்லை. ஆகவே சண்டை மலிவாகிப் போயிற்று!

இதற்கென்றே அணிகள் ஒரு பெரிய ஆளை வைத்துக்கொண்டன. நம் பேச்சில் சொன்னால், அடியாள்.

சின்ன உடம்புக்காரர்களை யாரும் அடிக்காமல் காப்பாற்ற ஒரு பெரிய ஆள் தேவை என்று சிலர் வாதாடுகிறார்கள். கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெரிய ஆளை யார் காப்பாற்றுவது?

கனடாவில் பிறந்த டெரிக் பூகார்ட் என்பவர் ஆறரை அடி உயரம். 277 ஆட்டங்கள் ஆடினார். போட்ட கோல் மூன்றே மூன்று! அவருடைய வேலை சண்டை போடுவது. குத்துகள் வாங்கி வாங்கி உடம்பு நொந்தது. வலி மாத்திரைக்கு அடிமையானார். 2011-ல், 28 வயதில், மாத்திரையும் மதுவும் சேர்ந்து அவருடைய உயிரைக் குடித்துவிட்டன. தலையில் பட்ட அடிகளால் அவருடைய மூளை கெட்டுப்போயிருந்ததை மருத்துவர்கள் பிறகு கண்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் அடியாட்களும் குறைந்தார்கள், சண்டைகளும் குறைந்தன.

நம் ஆக்கியில் சட்டம் வேறு. தப்பாக ஆடினால் நடுவர் அட்டை காட்டுவார். பச்சை என்றால் 2 நிமிடம் வெளியே. மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம். சிவப்பு என்றால் அந்த ஆட்டத்துக்கே வர முடியாது. அவ்வளவு நேரமும் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். ஆத்திரப்பட்டுக் கை நீட்டுகிறவன் தன் கூட்டாளிகளைத்தான் தண்டிக்கிறான்.

இந்த அட்டைகள் வருவதற்கு முன்பே ஆடியவர் தயான்சந்த். சட்டத்துக்குப் பயந்து அவர் கையை அடக்கவில்லை. கோல் போடத் தெரிந்தவனுக்குக் குத்து எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எளிய முடிவு

சிப்பாயாகச் சேர்ந்த தயான்சந்த், 1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் அவருக்குப் பத்மபூசண் விருது கிடைத்தது. தன் வாழ்க்கையை அவரே எழுதிய கோல் என்ற ஆங்கில நூல், 1952-ல் நம் சென்னையில்தான் வெளிவந்தது. பிற்காலத்தில் பாட்டியாலாவில் இளைஞர்களுக்கு ஆக்கி கற்றுக்கொடுத்தார்.

3-12-1979 அன்று டெல்லி மருத்துவமனையில் காலமானார். வயது 74. உடலை ஜான்சிக்குக் கொண்டுபோய், மைதானத்திலேயே தகனம் செய்தார்கள்.

அவர் பிறந்த ஆகஸ்டு 29-ந் தேதி இன்று தேசிய விளையாட்டு நாள். நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதுக்கு 2021-ல் அவருடைய பெயரை வைத்தார்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

நம் பக்கத்துக் கோவில்பட்டி, ஆக்கிக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022-ல் இந்தியாவுக்காக ஆடினார். 2025-ல் இளைஞர் உலகக் கோப்பை ஆட்டங்கள் சென்னையிலும் மதுரையிலும் நடந்தன. சுந்தரபாண்டியத்துப் பிள்ளைகளுக்கும் ஆக்கி எட்டாத ஆட்டம் அல்ல.

உங்கள் வீட்டில் ஒரு பெரிய உடம்புக்காரப் பையன் இருக்கலாம். விளையாடிவிட்டு வந்தவனிடம், ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று கேட்காதீர்கள். அவன் உடம்பு பெருத்தது அவன் குற்றம் அல்ல. மற்றவர்களுக்காக அடி வாங்க வேண்டும் என்பது அவன் தலையெழுத்தும் அல்ல.

காயம் பட்டிருந்தால் மருந்து போடுங்கள். மறுநாளும் ஆடப் போகச் சொல்லுங்கள். எத்தனை கோல் போட்டாய் என்று கேளுங்கள்.